நெல்லையில் நடக்கும் காதல் நாவல் ஏன் ஒட்டவில்லை?

பாளையங்கோட்டை வாசகி ஒருவர் கேட்டிருப்பது இது. நெல்லையைக் களமாக வைத்து வந்த புதிய காதல் நாவல் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார். 58 அத்தியாயம், 640 பக்கம். நாயகி அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்துப் பெண், தாய் இல்லாதவள். நாயகன் ஆரவ், மாஞ்சோலை எஸ்டேட் முதலாளி. தாத்தாவின் உயிலுக்காக ஆறு மாத ஒப்பந்தக் கல்யாணம். டவுனில் மண்டபம் பிடித்து ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. 9-ஆம் அத்தியாயத்தில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் அவள் ஒரு பையனோடு சிரித்துப் பேசுவதை ஆரவ் பார்த்துவிடுகிறான். அந்தப் பையன் அவளுடைய சித்தி மகன் என்பது 55-ஆம் அத்தியாயத்தில்தான் அவனுக்குத் தெரிகிறது. நடுவில் கன்னத்தில் ஒரு அறை, ஒரு காய்ச்சல், ஒரு விபத்து. கடைசியில் இரட்டைக் குழந்தை. எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். "எனக்குத்தான் காதல் கதை சலித்துவிட்டதா? அடுத்ததை எப்படிப் பார்த்து வாங்குவது? கடைசியில் ஆரவின் ஆச்சி தேங்காய்ப்பால் சொதி வைக்கிற இடத்தில் மட்டும் கண் கலங்கியது, அது ஏன்?" என்று மூன்று கேள்வி.

சலிப்பு உங்களுடையது இல்லை. காதல் நாவலில் இருவரும் சேர்வார்கள் என்பது அட்டைப் படத்திலேயே தெரியும். அது தெரிந்துதான் வாங்குகிறோம். சேரவிடாமல் குறுக்கே நிற்பது எது, அதை எப்படித் தாண்டினார்கள் என்று பார்க்கத்தான் 640 பக்கம் புரட்டுகிறோம். குறுக்கே நிற்பது பொய்யாக இருந்தால் தாண்டுவதும் பொய்யாகிவிடும். இந்த நாவலில் நடந்திருப்பது அதுதான். நெல்லைச் சீமையில் காதலுக்குக் குறுக்கே நிற்கிற நிஜமான சங்கதிகள் அத்தனையையும் எழுத்தாளர் துடைத்துவிட்டு, காலியான இடத்தில் ஒரு தவறான புரிதலை வைத்திருக்கிறார்.

தமிழில் இதற்குப் பஞ்சமே கிடையாது. களவுக் காதலுக்கு வருகிற இடைஞ்சல்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மரபு நம்முடையது. ஊர் வாய் பேசுவது அலர். பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது இற்செறிப்பு. தோழி விஷயத்தைப் பெரியவர்களிடம் போட்டு உடைப்பது அறத்தொடு நிற்றல். ஊரைவிட்டுப் போவது உடன்போக்கு. இவை எல்லாம் இன்றைக்கும் கல்லிடைக்குறிச்சியிலும் வீரவநல்லூரிலும் உயிரோடு இருக்கின்றன. "போனைப் பிடுங்கி வச்சாச்சு", "தெருவே பேசுது" என்று பெயர்தான் மாறியிருக்கிறது.

சித்தி மகன் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். 9-இலிருந்து 55 வரை 46 அத்தியாயம். அத்தியாயத்துக்கு 11 பக்கம் என்றால் 500 பக்கம். அந்த 500 பக்கத்தையும் தாங்குவது ஒரே ஒரு தகவல்: அந்தப் பையன் யார்? திருநெல்வேலிப் பக்கத்தில் இது அரை நாள் தாங்காது. சித்தி மகன் என்றால் அவளுக்குத் தம்பி முறை, ஆரவுக்கு மச்சினன். ஆயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணத்தில் மச்சினன் முறைக்காரன் மேடையில் இல்லாமல் எங்கே போனான்? பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருப்பான், போட்டோவில் முன்வரிசையில் பல்லைக் காட்டியிருப்பான். அன்று தவறியிருந்தாலும் மறுவீட்டில் பிடித்திருப்பார்கள். முறை சொல்லாமல் ஒருவரை அறிமுகப்படுத்தும் பழக்கமே அங்கே கிடையாது. "இவன் யார் தெரியுதா, நம்ம மேலத்தெரு சித்தி இருக்காள்லா, அவ ரெண்டாவது மவன்" என்று மூன்று தலைமுறையையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். இந்தச் சிக்கல் யாருக்கும் யாரையும் தெரியாத ஊரில் முளைத்தது. அதை வேரோடு பிடுங்கித் தாமிரபரணி ஆற்றங்கரையில் நட்டால் பிடிக்காது.

ஊடல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வள்ளுவர் அதை உப்போடு ஒப்பிட்டார். கொஞ்சம் கூடினாலும் கெட்டுப்போகும் என்றார். 500 பக்க ஊடல் என்பது உப்பு மூட்டையைக் கவிழ்த்தது மாதிரி.

ஆறு மாத ஒப்பந்தக் கல்யாணம் அதைவிட மோசம். இந்து திருமணச் சட்டம் 14-ஆம் பிரிவுப்படி, கல்யாணமாகி ஓராண்டு முடியாமல் விவாகரத்து மனுவே போட முடியாது. மிகக் கடுமையான துன்பம் அல்லது எதிர்த்தரப்பின் மிக மோசமான நடத்தை என்று நீதிமன்றம் ஏற்று அனுமதித்தால்தான் விலக்கு. இருவரும் சம்மதித்துப் பிரிவதென்றால் அதே சட்டத்தின் 13பி பிரிவு. அதற்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் ஆறு மாதக் காத்திருப்பு, அதன் பிறகு இரண்டாவது முறை ஆஜராக வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓராண்டுப் பிரிவை அது தொடவில்லை. ஆக, தாலி கட்டிய ஏழாம் மாதம் கையெழுத்துப் போட்டுப் பிரிவது நடக்காத காரியம். கதையில் ஒரு வக்கீல் வேறு வந்து ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டுகிறார் என்கிறீர்கள். பிரிவதற்காகவே செய்யப்படும் அந்த ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தராது என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இதே வகை நாவல்களில் கட்டாயத் தாலியும் அடிக்கடி வரும். வலுக்கட்டாயமாகச் சம்மதம் வாங்கிய கல்யாணத்தை 12-ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்யக் கேட்கலாம்; வற்புறுத்தல் நீங்கிய ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்தப் பெண்ணைக் கடத்துவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 87-ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 'ஆன்ட்டி ஹீரோ' என்று பெயர் வைத்தால் பிரிவு மாறாது.

இப்போது எழுத்தாளர் தவறவிட்டதைப் பாருங்கள். சட்டமே ஒரு நாவலாசிரியருக்குத் தயாராக ஒரு தடையைச் செய்து வைத்திருக்கிறது. வேறு வேறு மதத்தைச் சேர்ந்த இருவர், மதம் மாறாமல் கல்யாணம் செய்ய வேண்டுமானால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான் பொதுவான வழி. விண்ணப்பிக்கும் மாவட்டத்தில் இருவரில் ஒருவராவது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததும் பெயர், முகவரியோடு அறிவிப்பு பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். ஆட்சேபனைக்கு 30 நாள். அதன் பிறகு மூன்று சாட்சிகளோடு கையெழுத்து. அந்தப் பலகையை யார் எப்போது படிப்பார்கள் என்று தெரியாமல் முப்பது நாள் வீட்டில் சோறு தின்றுகொண்டு, கோலம் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இருக்க வேண்டும். பத்திரம் பதிய வந்த பெரியப்பாவின் கூட்டாளி பலகைப் பக்கம் திரும்பினால் போதும். 500 பக்கத்துக்கு வேறென்ன வேண்டும்?

இருவரும் இந்துக்கள், சாதி வேறு என்றால் வழி வேறு. இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி சுயமரியாதைத் திருமணம் தமிழ்நாட்டில் செல்லும். புரோகிதர் வேண்டாம், 30 நாள் அறிவிப்பு வேண்டாம். உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். பிறகு 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இங்கே சட்டம் எளிது, ஊர்தான் கடினம். தென்மாவட்டங்களில் சாதி மீறிய காதல் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது நாளிதழ் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது சும்மா இல்லை. நெல்லையில் காதல் கதை எழுதுகிறவர் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால், அவர் எழுதியது அல்வாக்கடை விளம்பரம்.

பெயரிலேயே இந்தத் துடைப்பு ஆரம்பித்துவிடுகிறது. அந்தச் சீமையில் பெயர் ஊரைக் காட்டும், சாமியைக் காட்டும், பல நேரம் தெருவையும் காட்டும். காந்திமதி என்றால் நெல்லை. கோமதி, ஆவுடையம்மாள் என்றால் சங்கரன்கோவில். உலகம்மாள் என்றால் பாபநாசம் அல்லது தென்காசி. இசக்கி, சுடலை, பேச்சி என்றால் குலசாமி கூடவே வரும். இன்றைய பிள்ளைகளுக்கு ஆரவ் என்றும் பெயர் வைக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆரவின் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் பெயர் வேண்டுமே? 640 பக்கத்தில் தாத்தா வெறும் 'தாத்தா', உயில்கூட பெயரில்லாமல் எழுதியிருக்கிறார்.

தொழிலும் அப்படியே. மாஞ்சோலையில் 'எஸ்டேட் முதலாளி ஆரவ்' இருக்க முடியாது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காடு அது. தனி மனிதருக்குச் சொந்தமான எஸ்டேட் இல்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மணிமுத்தாறில் வனத்துறை செக்போஸ்ட் உண்டு, நினைத்த நேரத்தில் நள்ளிரவில் காரை விட்டுக்கொண்டு நிலா பார்க்கப் போக முடியாது. கூலி கேட்டுப் போராடிய மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் 1999 ஜூலை 23-ஆம் தேதி தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். 2024-ல் மிச்சமிருந்தவர்களுக்கும் வேலை முடிந்தது. இந்தப் பெயரைக் கேட்டதும் நெல்லைக்காரர் மனதில் வருவது பனிமூட்டமும் கண்ணாடி பங்களாவும் கிடையாது. எழுத்தாளருக்கு மலை வேண்டும், பங்களா வேண்டும், வேறு பெயர் கிடைக்கவில்லை.

நாயகனுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? பணகுடி, கயத்தாறு பக்கம் காற்றாலையில் ஏறி இறங்குகிற டெக்னீசியன், மகேந்திரகிரி ராக்கெட் மையத்திலோ கூடங்குளம் அணுமின் நிலையத்திலோ ஒப்பந்தப் பணியாளர், கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற வீட்டுப் பையன். கடைசியாகச் சொன்னதில் ஒரு காதல் காட்சி சும்மாவே கிடக்கிறது: கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து கொடுப்பது பத்தமடை வழக்கம். அவளுக்கு வேறிடத்தில் நிச்சயமாகி, அந்தப் பாய் இவன் தறிக்கே வந்தால்?

நாயகிக்கும் வேலை வேண்டும். முக்கூடல், ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றாத தெரு குறைவு. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. இலை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, கட்டாக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நாலு பெண்கள் திண்ணையில் உட்கார்ந்தால் அங்கேதான் அலர் பிறக்கும், தோழியும் அங்கேதான் இருப்பாள். இந்த நாவலின் நாயகி 'கிராமத்துப் பெண்'. ஆனால் கோலம் போடுவதையும் மழையில் நனைவதையும் தவிர அவளுக்கு வேலை இல்லை. சாதாரண டவுன் பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்பைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வீட்டில் காசு கேட்காமல் வெளியே போய்வரக் கிடைத்த வழி அது. அவள் ஒருமுறைகூட பஸ் ஏறவில்லை, ஆரவின் காரிலேயே போகிறாள்.

பேச்சு. நீங்கள் எழுதிக் காட்டியிருக்கும் வரி: "ஏலே கண்ணம்மா, உங்க வீட்டுல என்ன பண்ணுறாய்ங்க?" 'ஆய்ங்க' மதுரைக்காரர் சொத்து. ஆற்றங்கரையில் பெரியவர்களைப் பற்றி என்றால் 'செய்யுதாவ', 'வந்தாவ'. பயல்களைப் பற்றி என்றால் 'வந்தானுவ'. கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசல் பக்கம் போனால் 'வந்தாக', 'அவுக' என்று மாறும். நிகழ்காலத்தில் 'சொல்லுதேன்', 'செய்யுதேன்', 'பாக்கேன்', 'கேக்கேன்'. 'சொல்லுறேன்' என்று எழுதினால் ரயில் விருதுநகரைத் தாண்டவில்லை என்று அர்த்தம். 'ஏலே' பெரும்பாலும் ஆண்பிள்ளைக்கு. பெண்ணை 'ஏட்டி', 'ஏளா' என்பார்கள். ஆக அந்த வரி "ஏட்டி, ஒங்க வீட்டுல என்ன செய்யுதாவ?" என்று இருந்திருக்க வேண்டும். பக்கத்துக்குப் பத்து 'ஏலே' தூவுவதைவிட வினைமுற்று நாலு சரியாக இருந்தால் ஊர் தானாக வந்துவிடும். வட்டார வழக்கு காதலுக்கு வேறொரு விதத்திலும் உதவும். அவனை 'அத்தான்' என்று கூப்பிடுகிற முறையா, 'நீங்க' என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கிற முறையா என்பதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். அத்தான் முறை என்றால் சாதி தடையில்லை. சீர் பாக்கி, பாகப்பிரிவினைச் சண்டை, பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடு என்று தடை வேறு பக்கத்திலிருந்து வரும்.

பருவம் பற்றிச் சுருக்கமாக: சித்திரையில் ஊரெல்லாம் சாரல், வயலெல்லாம் முற்றிய நெல் என்று வருகிறதாம். சாரல் ஆனி, ஆடியில், அதுவும் குற்றாலம், தென்காசிப் பக்கம். டவுனுக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். நெல்லைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். பிசானப் பருவ நெல் மாசி, பங்குனியில் அறுத்து முடிந்துவிடும். கார் பருவ நெல் சாகுபடி ஆனியில் தொடங்கும். கீழ ரத வீதி இருட்டுக்கடையில் காலை பத்து மணிக்கு ஆரவ் அல்வா வாங்குகிறான். அது மாலையில் திறக்கிற கடை.

இனி, ஐந்து நட்சத்திரம் எப்படி வந்தது? அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. இந்த மாதிரி நாவல்கள் முதலில் இணையத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று 'எபி' (எபிசோட்) என்று தொடராக வருகின்றன. அங்கே வாசகி ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் படிக்கிறார். முந்தைய பகுதியை நினைவூட்ட முதல் பத்தி, அடுத்ததற்கு இழுக்கக் கடைசிப் பத்தி, நடுவில் ஒரு சீண்டல். பத்து நிமிடத்துக்கு அது போதும். தவறான புரிதல் நீள்வது நல்லதும்கூட, ஒவ்வொரு தடவையும் எரிச்சல் பட ஒரு ஆள் கிடைக்கிறான். அதையே வெட்டாமல் கோத்துப் புத்தகமாக்கினால் 58 நினைவூட்டலும் 58 கொக்கியும் வரிசையாக வருகின்றன. நீங்கள் இரண்டே நாளில் படித்திருக்கிறீர்கள். தினம் ஒரு கரண்டி சாப்பிடச் செய்த லேகியத்தை ஒரே மூச்சில் விழுங்கினால் வயிறு என்ன ஆகும்? புத்தகமாக்கும்போது மூன்றில் ஒரு பங்காவது வெட்டியிருக்க வேண்டும். வெட்டுவதற்குக் கூலி யாரும் கொடுப்பதில்லை.

அடுத்ததை வாங்கும் முன் அட்டையையும் பின்னட்டையையும் நம்ப வேண்டாம். கிண்டிலில் மாதிரிப் பக்கங்கள் காசில்லாமல் கிடைக்கும். கடையில் என்றால் நின்றபடியே முப்பது பக்கம் படிக்கலாம். அதற்குள் இருவருக்கும் என்ன வேலை, மாதம் என்ன வரும்படி, அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று தெரிந்துவிட வேண்டும். பிறகு சரியாக நடுப்பக்கத்தைத் திறவுங்கள். முதலில் பார்த்த தடை வளர்ந்திருக்கிறதா, கிளை விட்டிருக்கிறதா, அல்லது அதே கோபத்தில் அதே பால்கனியில் இருவரும் நிற்கிறார்களா? நின்றால் வைத்துவிடலாம். நாயகன் கைநீட்டுகிற நாவலாக இருந்தால் அடிக்கு எத்தனை வரி, வருத்தத்துக்கு எத்தனை வரி என்று பாருங்கள். உங்கள் ஆரவ் அறைந்தது இரண்டு பக்கம், "ஸாரிடா" ஒரு வரி. விமர்சனங்களில் ஐந்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரக்காரர்களைப் படியுங்கள். எந்த அத்தியாயத்தில் தூக்கம் வந்தது என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

கடைசிக் கேள்வி, ஆச்சியின் சொதி. அதில் மட்டும் கண் கலங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஒரு இடத்தில் எழுத்தாளர், தெரிந்தோ தெரியாமலோ, தான் துடைத்ததை மறுபடி எழுதிவிட்டார். 14-ஆம் அத்தியாயத்தில் ஆரவின் ஆச்சி பேரன் பெண்டாட்டி கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டாள் என்று ஒரு வரி வருவதாகச் சொல்கிறீர்கள். ஏன் என்று நாவல் சொல்லவே இல்லை. நெல்லையில் படிக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

சொதி அங்கே அன்றாடக் குழம்பு இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்துப் பெண் வீட்டார் போடும் விருந்து அது. இரண்டு பெரிய தேங்காயைத் துருவி அரைத்து, முதல் பாலைக் கெட்டியாக ஒரு டம்ளர் தனியே எடுத்து வைக்க வேண்டும். இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும்தான் உருளை, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் வேகும். குழைய வெந்த பாசிப்பருப்பு 100 கிராம், காரத்துக்குப் பச்சைமிளகாயும் இஞ்சியும். முதல் பால் கடைசியில். ஊற்றியபின் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும், நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சை அடுப்பை விட்டு இறக்கியபின்தான். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அவ்வளவு தேங்காய்ப் பால் செரிக்க வேண்டுமே.

57-ஆம் அத்தியாயத்தில் ஆச்சி இதைச் செய்கிறாள். கல்யாணமாகி மாதக்கணக்கான பிறகு, தாயில்லாத பெண்ணுக்குப் பெண் வீட்டாராக நின்று, மாப்பிள்ளையைப் பெற்ற வீட்டு ஆச்சியே மறுவீட்டு விருந்து வைக்கிறாள். மன்னிப்பு என்று ஒரு சொல் கிடையாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இன்னொன்றையும் கவனித்திருக்கிறீர்கள். அதைப் பெயர் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். தேங்காயை அரைத்து முடித்ததும் ஆச்சி அடுக்களையிலிருந்து அவளைக் கூப்பிட்டு, "ஏளா, எனக்குக் கை வலிக்கி, நீ பிழி" என்கிறாள். பாலைக் கையால்தான் பிழிய வேண்டும்.